பஞ்சை அழுத்தும் கை

மூன்றாவது மாடி வார்டில் அவளை இடக்கை சிஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். சோறு, எழுத்து, ஊசி எல்லாமே இடது கையால்தான். சிரிஞ்சில் அச்சடித்திருக்கும் எண்கள் வலது கைக்காரர்களுக்கு நேராகத் தெரியும், இவள் கைக்கு வந்தால் தலைகீழாகிவிடும். அதனால் மருந்து இழுக்கும்போதெல்லாம் தலையை ஒரு பக்கம் சாய்த்து, எங்கேயோ தூரத்தில் ஓடுகிற பாட்டைக் கேட்பவள் மாதிரி நிற்பாள். பத்தொன்பது வருடமாக அப்படி நின்று நின்று, அந்தச் சாய்வு அவள் நடையிலேயே ஒட்டிக்கொண்டது.

சுபாவமும் அதற்கேற்றாற்போல்தான். பரபரப்பு என்பது அவளுக்கு வராது. வார்டில் ஒரே களேபரமாக இருக்கும்போதும் ஜன்னலில் வெயில் நகர்வதை ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய சிஸ்டருக்கு ஆரம்பத்தில் அது எரிச்சலாக இருந்தது; இவள் வேலை செய்கிறாளா, தூங்குகிறாளா என்று கேட்டுக்கூட இருக்கிறார். ஆனால் நோயாளிகள் அவள் வரும் நேரம் பார்த்துக் கையை நீட்டினார்கள். அவள் போட்டால் போட்டதே தெரியாது என்று பக்கத்துக் கட்டிலுக்குச் சிபாரிசு செய்தார்கள்.

அன்று மத்தியானம் மூன்று பேருக்கு ஊசி. அந்த வார்டில் இருபத்து நாலு கட்டிலுக்கும் சேர்த்து போட்ட ஊசிகளைக் கழித்துப்போட ஒரே ஒரு ஊசி டப்பா, அதுவும் கடைக்கோடியில், கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். ஒவ்வொரு ஊசிக்கும் அங்கே போய் வந்தால் வேலை முடியாது. அதனால் எல்லோரும் செய்வதுபோல அவளும் போட்ட ஊசிகளைத் தட்டில் வைத்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். மூன்றாவது ஆள் லாரியில் மூட்டை தூக்குகிறவர், மலை மாதிரி உடம்பு, ஊசி என்றால் மட்டும் குழந்தை. ஊசியை வெளியே எடுத்ததும் கையை வெடுக்கென்று இழுத்தார். வலது கையால் அவர் தோளில் பஞ்சை அழுத்திக்கொண்டு, சிரிஞ்சைத் தட்டில் போட்டாள். தட்டிலிருந்த கட்டுத்துணி உருண்டை ஒன்று விளிம்புக்கு உருண்டது. அதைப் பிடிக்கக் கை போயிற்று.

எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. கையுறையைக் கழற்றிப் பார்த்தாள். மோதிர விரலின் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி, மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் வார்டின் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல மங்கிப்போயிற்று என்று பிற்பாடு கணவனிடம் சொன்னாள்.

குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவினாள். பெரிய சிஸ்டரிடம் போய் விரலைக் காட்டினாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. தட்டிலிருந்த மூன்று ஊசிகளில் எது குத்தியது என்று தெரியாததால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் உண்டா என்று மூன்று பேர் ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு பேர் ரத்தத்தில் ஒன்றுமில்லை. முதல் ஆள், ஊசி போட்ட கையோடு வீட்டுக்குக் கிளம்பிவிட்டவர். கொடுத்திருந்த தொலைபேசி எண்ணை அழைத்தால் ஏதோ ஒரு தையல்கடையில் எடுத்தார்கள். விலாசத்தில் அப்படியொரு கதவு எண்ணே இல்லை.

எனவே முன்ஜாக்கிரதையாக இருபத்தெட்டு நாள் மாத்திரை. ஆறாவது வாரம் ஒரு பரிசோதனை, மூன்றாவது மாதம் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. அதுவரை எதையும் உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது.

மாத்திரை வயிற்றைப் புரட்டியது. அதை அவள் பொறுத்துக்கொண்டாள். கை நடுங்க ஆரம்பித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பத்தாவது நாள் மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியில் ஊசியைச் செலுத்தப்போனால், முனை மூடியைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. படுக்கையிலிருந்த அம்மாள் அவள் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரிய சிஸ்டர் பின்னாலிருந்து வந்து, சிரிஞ்சை வாங்கித் தானே போட்டுவிட்டு, அவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"கொஞ்ச நாளைக்கு நீ உள்ள இரும்மா. கருவியெல்லாம் கொதிக்க வைக்கிற ரூம்ல. அங்க யாரும் உன்னைப் பாக்க மாட்டாங்க."

வீட்டில் அவள் தனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு துண்டு என்று பிரித்து வைத்துக்கொண்டாள். மகளுக்கு ஒன்பது வயது. அம்மாவுக்கு ஜுரம், ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிவைத்தாள். தலை பின்னிவிடும்போதுகூட விரல் படாமல் சீப்பாலேயே வகிடு எடுத்தாள். இதெல்லாம் தேவையில்லை என்று நர்ஸான அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தது தலையில் இருந்தது, பயம் வேறெங்கோ இருந்தது.

கணவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். ஒருநாள் காலை அவன் குளித்துவிட்டு வந்து, அலமாரியில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த அவள் டம்ளரை எடுத்தான். தண்ணீர் பிடித்தான். அவள் வேண்டாம் என்று எழுந்து வருவதற்குள் மடக் மடக்கென்று குடித்துவிட்டான்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். டம்ளர்ல ஒண்ணும் வராதாம்."

"நான் சொன்னா நம்ப மாட்டீங்களா?"

"நீ எங்க சொன்ன? நீதான் பேசறதே இல்லையே."

டம்ளரைக் கழுவி மற்ற டம்ளர்களோடு அடுக்கிவிட்டு அவன் டூட்டிக்குப் போய்விட்டான். அவள் அடுக்களையில் வெகுநேரம் நின்றாள். எது தன்னுடைய டம்ளர் என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள்.

கருவிகளைக் கொதிக்கவைக்கும் அறையில் இரண்டு பெரிய நீராவிப் பெட்டிகள் இருந்தன. கதவைத் திறந்தால் வெள்ளையாகப் புகை எழுந்து கூரையில் போய்ப் படரும். காது அடைத்துப்போகிற ரீங்காரம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியே வார்டு மொத்தமும் தெரியும், சத்தம் மட்டும் வராது. நீராவி படிந்த கண்ணாடியைத் துணியால் துடைத்து, அந்தத் துடைத்த வட்டத்தின் வழியே பார்த்துக்கொண்டிருப்பாள். சக நர்ஸுகள் மீன்தொட்டிக்குள் நீந்துவதுபோல வெள்ளை வெள்ளையாகப் போவார்கள், குனிவார்கள், வாயை அசைப்பார்கள். முகங்களைப் பார்க்கச் சங்கடமாக இருந்ததால் கைகளைப் பார்க்கத் தொடங்கினாள்.

அந்த நாட்களில் அவள் ஒரே கனவைத் திரும்பத் திரும்பக் கண்டாள். மழை பெய்யும். ஒவ்வொரு துளியும் ஊசியாக இறங்கும். அவள் கையை நீட்டுவாள். தோலைத் தொடும் கணத்தில் ஊசி தண்ணீராகி வழிந்து போகும். விழித்தால் உள்ளங்கை ஈரமாக இருக்கும், வியர்வையால்.

கைகள் மட்டும் என்று பார்க்கும்போது வேறு விதமாக இருந்தது. ஊசி போடும்போது ஒருத்தி கையும் தடுமாறவில்லை. அப்போது எல்லோர் கண்ணும் ஊசியில்தான் இருந்தது. ஊசி உடம்பை விட்டு வெளியே வந்ததுமே கண் அதை விட்டுவிடும். நோயாளியின் முகத்துக்குப் போகும், கடிகாரத்துக்குப் போகும், அடுத்த கட்டிலிலிருந்து கூப்பிடுகிறவரிடம் போகும். வேலை முடிந்தது என்று மனம் நினைத்துக்கொள்கிறது. ஊசிக்கு இன்னும் வேலை முடியவில்லை. டப்பாவுக்குள் விழுகிறவரை அது யாரையாவது குத்தத் தயாராகத்தான் இருக்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு கை எப்போதும் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூட இரண்டு கையும் சும்மா இருந்து அவள் பார்க்கவில்லை. மூன்று வாரம் பார்த்துவிட்டாள்.

மூன்றாவது மாதப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்த அதே வாரம், ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். நரைத்த மீசை, சட்டைப்பையில் நாலு பேனா. இருபது வருடம் ஷாம்பூ பாட்டிலுக்கும் பேனாவுக்கும் மூடி வடிவமைத்தவர், இப்போது பாதுகாப்பான சிரிஞ்சு செய்கிறாராம். அரை மணி நேரத்தில் நர்ஸுகள் அவருக்கு மூடிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. தப்பில்லை, அதுதானே என் தொழில் என்று சிரித்தார்.

ஓய்வறை மேஜையில் ஒரு பஞ்சு மெத்தைத் துண்டை வைத்து ஊசி போட்டுக் காட்டினார். வெளியே எடுத்ததும், மற்றக் கையால் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிடித்து ஊசிமேல் தள்ளினார். டக்கென்று மூடிக்கொண்டது. எவ்வளவு சுலபம் பாருங்கள் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தேநீர் எடுக்க வந்திருந்த இடக்கை சிஸ்டர், டம்ளரோடு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், பஞ்சை யாரு பிடிச்சிருக்காங்க?"

அவருக்குப் புரியவில்லை. "எந்தப் பஞ்சும்மா?"

"ஊசியை எடுத்தா ரத்தம் வருமில்ல. அந்தக் கையாலதான் பஞ்சை அழுத்தணும். நீங்க அந்தக் கையால மூடிக்கிட்டு இருக்கீங்க."

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூடிக்காரர் சிரிக்கவில்லை. தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு வருடமாக மெத்தைத் துண்டில் குத்திப் பழகிய கை அது. மெத்தைக்கு ரத்தம் வராது. கொண்டுவந்த சிரிஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கி மூடினார். பிறகு, இதை வேறு எங்கேயாவது உட்கார்ந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

பெரிய சிஸ்டர் அனுமதி வாங்கிக் கொடுத்தார். நீராவி அறையில் இரண்டு முக்காலி போட்டு, கண்ணாடி வழியே அவர்கள் இரண்டு நாள் பார்த்தார்கள். இரைச்சலில் பேச முடியாது. அவள் விரலால் சுட்டுவாள், அவர் எழுதிக்கொள்வார். பழக்கமில்லாத புழுக்கத்தில் அவர் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தே கை சலித்துப்போயிற்று. இரண்டாம் நாள் முடிவில் அவர் நோட்டில் இருந்ததெல்லாம் படங்கள்தான். எல்லாம் கைகள். ஊசியை அவர் வரையவே இல்லை.

ஒரு மாதம் கழித்து முதல் மாதிரியோடு வந்தார். பக்கத்திலிருக்கும் சின்ன நெம்புகோலைக் கட்டைவிரலால் தள்ளினால் உறை முன்னுக்கு வந்து மூடும். அவள் அதை இடது கையில் எடுத்ததுமே நெம்புகோல் அடிப்பக்கம் போய்விட்டது. மூடுவதற்குக் கட்டைவிரல் ஊசியின் முனைவரை போக வேண்டியிருந்தது. கையை அப்படியே அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள். அவர் சிரிஞ்சைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது மாதிரியில் ஸ்பிரிங். மருந்து தீர்ந்ததும் ஊசி தானாகப் பின்னுக்குப் பாய்ந்து குழலுக்குள் ஒளிந்துகொள்ளும். பார்ப்பதற்கு மாயம் மாதிரி இருந்தது. நர்ஸுகள் கூடி நின்று, தண்ணீரை நிரப்பி மெத்தையில் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். மூடிக்காரரின் முகம் மலர்ந்தது. பெரிய சிஸ்டர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். கண்ணாடியில் பொடிப்பொடியாக ஈரம். ஊசி பாய்ந்த வேகத்தில் தெறித்தது. தண்ணீரானதால் பரவாயில்லை.

அவர் சோர்ந்துபோனார். ஒரு மூடியை மூடுவதற்கு இத்தனை பாடா என்று தன்னையே நொந்துகொண்டார். இத்தனை நாளும் தான் செய்த மூடிகள் எல்லாம் திறப்பதற்காகச் செய்தவை, இது மட்டும்தான் திறக்கவே கூடாத மூடி என்றார். அவள் அதைக் கேட்டபடி தலையைச் சாய்த்து நின்றாள். பிறகு, இதை ஏன் விரலால் மூட வேண்டும் என்று கேட்டாள். கை போதவில்லையென்றால் வார்டில் யாரும் காத்திருப்பதில்லை. இழுப்பறையை இடுப்பால் மூடுகிறோம், கதவை முழங்கையால் தள்ளுகிறோம். ஊசி போடும் இடத்திலெல்லாம் ஒரு தட்டு இருக்கிறது, தட்டுக்கு ஒரு விளிம்பு இருக்கிறது என்றாள்.

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் அவளையே பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வரைந்தார்.

மூன்றாவது மாதிரி தயாராகிக்கொண்டிருந்தபோதுதான் ஆறாவது மாதம் வந்தது. பரிசோதனைக்கூடத்து ஆள் ஜன்னல் வழியே முடிவு இருந்த காகித உறையை நீட்டினான். அவன் முகத்தைப் படிக்கப் பார்த்தாள். அவன் அதற்குள் அடுத்த உறையைத் தேடிக்கொண்டிருந்தான். மாடிப்படியில் உட்கார்ந்து பிரித்தாள். மூன்று வரி. மூன்றிலும் இல்லை, இல்லை, இல்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை. படியேறிப் போகிறவர்களின் செருப்புகள் அவளைத் தாண்டித் தாண்டிப் போயின. மேலே எங்கேயோ ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. கைப்பிடிச் சுவரின் துளைகள் வழியே வெயில் படிகளில் காசு காசாக விழுந்திருந்தது.

அழைத்தால் கணவன் எடுக்க மாட்டான், வண்டியில் இருப்பான். வாசலுக்கு வந்து நிறுத்தத்தில் நின்றாள். இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டாள். மூன்றாவது அவனுடையது. முன்கண்ணாடி வழியே அவளைப் பார்த்ததுமே அவன் முகம் இறுகிற்று. அவள் தலையை ஆட்டினாள், ஒன்றுமில்லை என்கிற மாதிரி. அவனுக்கு அது எந்த ஒன்றுமில்லை என்று புரியவில்லை போலிருக்கிறது. வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கியே வந்துவிட்டான். அவள் காகிதத்தைக் கொடுத்தாள். அவன் படித்தான். திரும்பவும் முதலிலிருந்து படித்தான். பேருந்துக்குள்ளிருந்து யாரோ, என்ன டிரைவர், வண்டி ரிப்பேரா என்று கேட்டார்கள்.

"இல்லீங்க. எல்லாம் சரியாயிருக்கு," என்றான் அவன். கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, அவள் ஏறும்வரை கதவைத் திறந்தே வைத்திருந்தான். அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஊர் முழுக்க ஜன்னலில் நழுவிப் போயிற்று. கடைகள், தண்ணீர் தெளித்த நடைபாதை, மொட்டைமாடிகளில் உலரும் போர்வைகள். அவள் இறங்க வேண்டிய இடம் வந்தபோது ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் எழுப்பவில்லை. கடைசி நிறுத்தம்வரை போய், அங்கிருந்து திரும்பி, மறுபடியும் அந்த இடத்துக்கு வந்த பிறகுதான் தோளைத் தொட்டான்.

மூன்றாவது மாதிரி அடுத்த மாதம் வந்தது. மஞ்சள் உறை, சிரிஞ்சின் கழுத்தில் கீல் போட்டு மாட்டியது. எந்தக் கையால் பிடித்தாலும் ஒன்றுதான். ஊசியை எடுத்ததும் உறையைத் தட்டின் விளிம்பில் வைத்து அழுத்தினால் போதும், மடங்கி மூடிக்கொள்ளும். மூடிய சத்தம் வார்டு இரைச்சலில் கேட்காது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அதனால் மூடியது விரலுக்குத் தெரிகிற மாதிரி உள்ளே ஒரு சின்னக் கொக்கி வைத்திருந்தார். இன்னொன்றும் செய்திருந்தார். குழலின் எண்களை இரண்டு பக்கமும் அச்சடித்திருந்தார், இரண்டு கைக்கும் நேராக. அவள் அதைக் கேட்கவே இல்லை. கையில் எடுத்தவள், பழக்கத்தில் தலையைச் சாய்த்து, எண்கள் நேராக இருப்பதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

வார்டில் முதல் ஊசியை அவளே போட வேண்டும் என்று பெரிய சிஸ்டர் சொல்லிவிட்டார். அவள் முடியாது என்றாள். கை நடுங்கும் என்றாள். நடுங்கினால் நான் வாங்கிக்கொள்கிறேன், பக்கத்திலேயே நிற்கிறேன் என்றார் அவர். ஏழாம் நம்பர் கட்டிலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவரோ அவளைவிடப் பயந்துபோயிருந்தார். அந்தப் பயத்தைச் சமாதானப்படுத்துகிற வேலையில் அவளுக்குத் தன் கை மறந்துவிட்டது. ஊசியைப் போட்டு எடுத்தாள், பஞ்சை அழுத்தினாள், தட்டின் விளிம்பில் லேசாக ஒரு அழுத்து. அந்தக் கொக்கி விழுந்தது விரலுக்குத் தெரிந்தது. அவள் கண் அப்போது வாத்தியாரின் முகத்தில்தான் இருந்தது. மூடிய பிறகுதான் ஊசியைத் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் மட்டுமே தெரிந்தது.

ஒரு வருடம் சோதித்தார்கள். அதற்கு முந்தைய வருடம் அந்த மாடியில் பதினொரு பேருக்கு ஊசி குத்தியிருந்தது. இந்த வருடம் இரண்டு பேர், அதிலும் ஒருத்தி பழைய சிரிஞ்சில் குத்திக்கொண்டவள். கம்பெனி அவளுக்கு ஏதாவது செய்ய விரும்புகிறது, என்ன வேண்டும் என்று மூடிக்காரர் கேட்டார். நாலு கட்டிலுக்கு ஒரு ஊசி டப்பா வேண்டும் என்றாள். அதை மருத்துவமனைதானே வைக்க வேண்டும் என்றார் அவர். பத்து வருடமாகக் கேட்கிறோம், நீங்கள் எழுதினால் வைப்பார்கள் என்றாள். அவர் தன் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், டப்பா எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் தங்கள் சிரிஞ்சின் பாதுகாப்புக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு வரி சேர்த்தார். பத்து நாளில் ஆறு டப்பாக்கள் வந்து இறங்கின. பெரிய சிஸ்டர் அவற்றைத் தட்டித் தட்டிப் பார்த்தார், நிஜம்தானா என்பதுபோல.

பிறகு ஒரு விடுமுறை நாளில் மூடிக்காரர் அவளைத் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டிருந்தார். ஊருக்கு வெளியே, ஜன்னலே இல்லாத ஒரு நீண்ட வெள்ளைக் கட்டடம். தலைக்கு உறை, காலுக்கு உறை மாட்டி உள்ளே விட்டார்கள். பகலா மாலையா என்று தெரியாத வெளிச்சம். இயந்திரத்தின் வாயிலிருந்து மஞ்சள் உறைகள் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தன, யாரோ ஒரு மரத்தைப் பிடித்து மெதுவாக உலுக்குவதுபோல. அத்தனையும் எந்தெந்த வார்டுக்குப் போகும், எந்தெந்தக் கைக்குப் போகும் என்று நினைக்கப் பார்த்தாள். மனம் அந்த அளவுக்கு விரியவில்லை. பாதியிலேயே அவளுக்குக் கண் சொக்கியது.

வரிசையின் முடிவில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்து, நூற்றுக்கு ஒன்று எடுத்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் இருந்தவள் இவளை மேலும் கீழும் பார்த்து, புதுசா என்று கேட்டாள். விளக்கிச் சொல்ல மூடிக்காரர் பக்கத்தில் இல்லை.

"ஆமா. சும்மா பாக்க வந்தேன்."

"நின்னுக்கிட்டே இருந்தா கால் வலிக்கும். உக்காருங்க, இதைப் பாத்துக் குடுங்க."

பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள். இடக்கை சிஸ்டர் உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்து மேஜை விளிம்பில் வைத்து அழுத்தினாள், கொக்கி விழுந்ததும் அந்தப் பக்கத்துக் கூடையில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். ஒரு மணி நேரம் கழித்து மூடிக்காரர் தேடிக்கொண்டு வந்தபோது, இந்தக் கூடை நிறையட்டும், வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.